ஆண்குளம்

மூதூர்,
14.09.1980

கண்ணியத்துக்குரிய மீன் உத்தியோகத்தர் ஸல்ஹா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமாவின் மகளுக்கு இப்படியா கடிதம் தொடங்குவது என்று கேட்பீர்கள். கோபத்தில் இருக்கிற மச்சான் இப்படித்தான் தொடங்குவான். கோபம் ஆறினால் பழையபடி மச்சி என்று எழுதுகிறேன்.

நேற்றுக் குளத்தை வற்றவிட்டோம். நீங்கள் சொல்லித்தானே அந்தக் குளம் வந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு வந்த கையோடு உம்மாவின் வயல் வரப்பில் ஏறி நின்று, "மச்சான், இந்தக் களிமண் நெல்லைவிட மீனுக்குத்தான் நல்லது" என்று சொன்னது நீங்கள். வாய்க்கால் ஓரத்துத் துண்டை நான் வெட்டினேன். நீங்கள் தந்த திலாப்பியாக் குஞ்சுகளை விட்டேன். தவிடு போட்டேன், சாணம் போட்டேன், கொக்கு விரட்டினேன். எனக்கு ஒரு பிள்ளை இருந்தால்கூட இவ்வளவு பார்த்திருப்பேனோ தெரியாது.

தண்ணீர் இறங்க இறங்கச் சேற்றில் வெள்ளி துள்ளுகிற மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் விரல் நீளம். ஒரு பெரிய மீன் இல்லை. விட்டது கொஞ்சம், இருந்தது கணக்கில்லை. அது மீன்குளம் இல்லை, மீன்களின் பள்ளிக்கூடம். ஊரே குளக்கட்டில் நின்று பார்த்தது. உங்கள் வாப்பா, அதாவது என் மாமா, பள்ளிவாசலை நிருவகிக்கிற மரைக்காயர் ஸைனுலாப்தீன் அவர்கள், குடையை விரித்துக்கொண்டு நின்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "மருமகன், இது பூனைக்கு வளத்ததா, கொக்குக்கு வளத்ததா?"

பக்கத்து வயல் சின்னராசா நல்ல மனிதர். கோழிக்கு ஆகும் என்று ஒரு கூடை கொண்டுபோனார். உம்மா வீட்டுக்குள் போனார். மண்வெட்டியை எடுத்துவந்து குளக்கட்டில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். மூடு என்று அர்த்தம்.

ஸஹாப்தீனை உங்களுக்குத் தெரியும். சவூதிக்கு ஆள் அனுப்புகிறவர். ஜித்தாவில் லொறி ஓட்ட ஆள் கேட்கிறார்களாம். என்னைப் போகச் சொல்கிறார். இன்னும் ஒருமுறை மீன் வளர்த்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் இப்படியென்றால் குளத்தை மூடி உம்மாவுக்கு வயலாகக் கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறுகிறேன். படித்தவர் நீங்கள், ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விரல்மீன் வியாபாரி அபூதாஹிர்


பொலன்னறுவை,
21.09.1980

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீங்கள் "உத்தியோகத்தர் அவர்களுக்கு" என்று உறையில் எழுதியதால் அதை அரசாங்கக் கடிதம் என்று நினைத்து எங்கள் மீன்வளர்ப்பு நிலையத்துப் பெரியவர் சோமசேகரம் ஐயா பிரித்துவிட்டார். "பூனைக்கா, கொக்குக்கா" வரையும் வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே என்னிடம் கொண்டுவந்து தந்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இனிமேல் உறையில் என் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இப்போது கேளுங்கள். பிழை மண்ணிலும் இல்லை, உங்களிலும் இல்லை. திலாப்பியா கையகலம் வளர்வதற்கு முன்பே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அந்த நாட்களில் அது தின்பதில்லை, வளர்வதும் இல்லை. குஞ்சுகளைத் துப்பிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் அடுத்த சூல். நீங்கள் போட்ட தவிடெல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. ஆண் மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. தின்னும், பெருக்கும். ஆகவே குளத்தில் ஆண்கள் மட்டும் இருக்கவேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. தாயின் வாயைவிட்டு வெளியே வருகிற குஞ்சு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அதன் உடம்பு இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஒரு மாதம் ஆண் ஹோர்மோன் கலந்த தீனி கொடுத்தால் பெண்ணாக வரவேண்டியதும் ஆணாகவே வளர்ந்துவிடும். கலப்பது மிகமிகக் கொஞ்சம். நகத்தளவுக் குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான். சட்டிக்கு வருகிற காலத்தில் அது உடம்பில் மிஞ்சாது. இங்கே எங்கள் தொட்டிகளில் செய்து பார்த்துவிட்டோம். வெளியே ஒருவருடைய குளத்திலும் இன்னும் செய்யவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்த குற்றத்துக்காக ஐயா உங்கள் குளத்துக்கு அனுமதி தந்திருக்கிறார்.

ஒரு கண்டிப்பு. லைலா பிள்ளைத்தாச்சி என்று உங்கள் உம்மா, என் மாமி, எழுதியிருந்தார். உங்கள் தங்கச்சி அந்தத் தீனிப் பக்கமே வரக்கூடாது. மாமியும் கை வைக்கவேண்டாம். நீங்களும் கையுறை போட்டுத்தான் பிசையவேண்டும்.

சவூதியில் நல்ல வெயில் என்று கேள்வி. அதைப் பற்றி வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் வெட்டிவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். மருந்தைக் கொண்டுவருகிறேன். மண்வெட்டியை உள்ளே எடுத்து வையுங்கள்.

ஸல்ஹா


மூதூர்,
02.11.1980

அன்புள்ள மச்சிக்கு,

கோபம் ஆறிவிட்டது, கவனித்தாயா.

பெருநாளுக்கு வந்தாய், போனாய். உன்னோடு நான் கதைத்ததெல்லாம் தவிடும் கருவாட்டுத் தூளும்தான். மாமா அடுத்த கதிரையில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் வேறு எதைக் கதைப்பது? நீ தந்த மருந்து ஒரு பொட்டுக்குக்கூடக் காணாது. அதைத் தண்ணீரில் கரைக்க ஏலாது, சுத்தமான மதுசாரத்தில்தான் கரைக்கவேண்டும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு லோஞ்ச் படகில் ஏறிவிட்டாய். மூதூரில், மரைக்காயரின் மருமகன், மதுசாரத்துக்கு எங்கே போவான் என்று யோசித்தாயா?

திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிற என் கூட்டாளி இராசதுரைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற உத்தியோகம். அவனிடம் போனேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஒரு போத்தலில் ஊற்றி, பழைய துணியால் சுற்றித் தந்தான். அதைப் பன்பையில் வைத்துக்கொண்டு லோஞ்சில் ஏறி இருந்தால், எனக்குப் பக்கத்தில் வந்து இருக்கிறவர் யார் என்று நினைக்கிறாய்? உன் வாப்பாவேதான். கடல் கொஞ்சம் ஆட்டம். போத்தல் மூடி சரியில்லை.

"என்ன மருமகன் பைக்குள்ள?"

"மருந்து மாமா."

"ஆருக்குச் சுகமில்லை?"

"மீனுக்கு மாமா."

அவர் மூக்கை ஒருமுறை சுருக்கினார். எழும்பினார். லோஞ்சின் முன்பக்கம் போய் நின்றுகொண்டார். மூதூர்த் துறையில் இறங்கும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே ஊர் முழுக்கக் கதை. அபூதாஹிர் மீனுக்குச் சாராயம் பருக்குகிறான். நான் யாரையும் பார்க்க ஏலாமல் வளவுக்குள்ளேயே கிடந்து, தீனியைப் பிசைந்து, நீ சொன்னபடி நிழலில் பாயில் பரவிக் காயவிட்டேன். அடுத்தநாள் மாமா மௌலவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். மௌலவி குந்தியிருந்து, பாயில் காய்ந்த தீனியைக் குனிந்து மணந்து பார்த்தார்.

"கருவாடு மணக்குது. வேற ஒண்டுமில்லை. காத்தோட போனதைப் பற்றி என்ன கதை?"

மாமாவும் குனிந்து மணந்தார். தவிட்டுத்தூள் மூக்கில் ஏறித் தும்மத் தொடங்கியவர், தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மிச்ச மதுசாரத்தை நான் அன்றே இராசதுரையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊருக்குள் வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

குஞ்சுகள் இப்போது என் நுளம்பு வலைக்குள் இருக்கின்றன. அதை வெட்டிப் பெட்டி போலத் தைத்து, குளத்தில் நாலு கம்பு நட்டுக் கட்டியிருக்கிறேன். மீனுக்கு வீடு, எனக்கு நுளம்புக் கடி. தாயின் வாயைவிட்டு வந்த கையோடு பிடித்த சின்னக் குஞ்சு மட்டும்தான். நீ சொன்னது போல, கொஞ்சம் பெரியதாகத் தெரிந்ததையெல்லாம் வெளியே விட்டுவிட்டேன். ஒரு நாளில் பலமுறை தீனி. குஞ்சு பார்க்கப் போனால் சாப்பாட்டை மறந்துவிடுகிறேன் என்று உம்மா ஏசுகிறார். மண்வெட்டி உள்ளேதான் இருக்கிறது.

மச்சான்
அபூதாஹிர்


பொலன்னறுவை,
12.11.1980

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்த சத்தத்தில் பக்கத்து அறைப் பிள்ளை பயந்து ஓடிவந்தது. அடுத்த தபாலில் வாப்பாவின் கடிதம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "பெட்டையைப் படிக்கவைத்தேன், அது என் மருமகனை லோஞ்சில் போத்தல் தூக்கவைத்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். நான் மதுசாரம் எப்படி ஆவியாகும் என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். பதில் இல்லை. வாப்பா பேசாமல் இருந்தால் பாதி சம்மதம் என்று உம்மா எப்போதும் சொல்வார். அந்த நம்பிக்கையில் இருக்கிறேன்.

மாதம் முடிந்ததும் வலையை அவிழ்த்துக் குஞ்சுகளைக் குளத்தில் விடுங்கள். அதற்கு முன் குஞ்சுகளை ஒரு பீப்பாய்த் தண்ணீரில் மாற்றி வைத்துவிட்டு, குளத்தைச் சுத்தமாக வற்றவிட்டுப் பழைய மீன் ஒன்றுகூட இல்லாமல் பாருங்கள். ஒரு தாய் மறைந்திருந்தாலும் எல்லாம் பழையபடி. கொஞ்சம் வளர்ந்தபிறகு சிலவற்றைப் பிடித்து வயிற்றின் அடியில் எழுதுகிற பேனை மையைத் தடவிப் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துவாரம் தெரியும், பெண்ணுக்கு மூன்று. மாரி வருகிறது, குளக்கட்டை உயர்த்துங்கள்.

நிலையத்துக்கு வெளியே இதுதான் முதல் குளம். சோமசேகரம் ஐயா காலையில் தேநீருக்கு முன் உங்கள் மீனைத்தான் விசாரிக்கிறார். தோற்றால் என் பெயர் கெட்டுவிடும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று எழுத வந்தேன். அது பொய். கவலைதான். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. ஸஹாப்தீன் காத்திருக்கிறாரே, அது. சரி, மீனைப் பாருங்கள்.

மீன்கள் சுகமா?

ஸல்ஹா


மூதூர்,
18.01.1981

அன்புள்ள மச்சிக்கு,

கடிதம் பிந்தியதற்குக் கோபிக்காதே. இங்கே வெள்ளம். வெருகல் ஆறு பெருகி வாய்க்காலெல்லாம் கட்டு மீறி ஓடியது. ஒரு பகல் முழுக்கக் குளக்கட்டில் நின்று மண்மூட்டை அடுக்கினோம். சின்னராசா தன் வயலை விட்டுவிட்டு என் குளத்துக்கு வந்தார். நான் மறுத்தேன். "நெல்லு நீந்தாது தம்பி, எங்கையும் போகாது. உன்ர மீன்தான் கடலுக்குப் போயிடும்" என்றார். கொட்டும் மழையில் இன்னொருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் மூட்டையோடு, கட்டில் ஏறி வந்தார். மாமா. மூட்டையைப் போட்டார், மிதித்தார், அடுத்த மூட்டைக்குப் போனார். அன்று அவருக்கு என் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றார். அவ்வளவுதான். மீன் போகவில்லை.

மை தடவிப் பார்த்தேன் மச்சி. விரலெல்லாம் நீலம். பிடித்ததில் ஒன்றைத் தவிர எல்லாம் ஆண். அந்த ஒன்றை வெளியே எடுத்துவிட்டேன். நான் மீன்களைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பதை உம்மா யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கலியாணம் பேசுகிற நேரத்தில் பெயர் கெட்டுவிடுமாம்.

குளத்தில் குஞ்சு என்று ஒன்றும் இல்லை. கரையில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் பெரிய நிழல்கள்தான் போகின்றன. கையகலத்தைத் தாண்டிவிட்டன. தவிட்டைப் போட்டால் தண்ணீர் கொதிக்கிறது. நான் ஒரு முட்டாள் மாதிரிக் கட்டில் நின்று தனியாகச் சிரிக்கிறேன். இவ்வளவு சந்தோசமாக இருந்து எத்தனை காலம் என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு மனக்குறை. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். மீன்கள் சுகமா, மீன்கள் தின்கின்றனவா, மீன்களுக்குக் குளிரா. மச்சான் என்று ஒருவன் அந்தக் குளத்துக்கு வெளியே நிற்கிறானே, அவன் சுகமா என்று ஒரு வரி இல்லை. நானும் அடுத்த பிறவியில் திலாப்பியாவாகப் பிறந்தால்தான் உண்டு என்று எழுத நினைத்தேன். மௌலவி கேட்டால் ஏசுவார், ஆகவே எழுதவில்லை.

அபூதாஹிர்


பொலன்னறுவை,
30.01.1981

மச்சான் சுகமா?

கேட்டாகிவிட்டது. இனி மீனுக்கு வரலாமா?

வரவில்லை. இன்றைக்கு மீன் வேண்டாம். நீங்கள் வெள்ளத்தில் நின்ற கிழமைகளில் உங்கள் கடிதம் வரவில்லை. வானொலியில் மூதூர்ப் பக்கம் வெள்ளம் என்று சொன்னார்கள். நான் ஒவ்வொரு நாளும் தபால்காரரை மறித்துச் சண்டை போட்டேன். அவர் பாவம், சிங்களவர், நான் கோபத்தில் தமிழில் ஏசியது அவருக்கு விளங்கியிருக்காது. கடைசியில் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த அன்று அவரே தூரத்தில் இருந்து கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடிய ஓட்டத்தை நிலையம் முழுக்கப் பார்த்தது. இப்போது எல்லோரும் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

மாமி யாரிடம் கலியாணம் பேசுகிறார்? நீங்கள் எழுதியிருந்தீர்கள், கலியாணம் பேசுகிற நேரத்தில் என்று. யாருக்கு, எந்த ஊரில் என்று எழுதவில்லை. எனக்கு அறிந்து ஒன்றும் ஆகவேண்டியதில்லை. சும்மா கேட்டேன்.

ஸல்ஹா

பின்குறிப்பு: சும்மா கேட்கவில்லை.


மூதூர்,
03.05.1981

அன்புள்ள மச்சிக்கு,

பெப்ரவரியில் உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதினேன், உம்மா பேசுவது உன்னைத்தான் என்று. பிறகு நீ வெட்கத்தில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் மீன் பிடிக்கிற நாள் வரட்டும், குளம் நிறைந்த முகத்தோடு மாமாவிடம் போய்க் கேட்பேன் என்று இருந்தேன். அந்த நாள் நேற்று வந்தது. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் வலையிலேயே குளக்கட்டில் நின்றவர்கள் பார்க்கச் சேற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கவேண்டிய மீன். குஞ்சு இல்லை, குறுணி இல்லை. சின்னராசா என்னைக் கட்டிப்பிடித்துச் சேறாக்கினார். மாமா குடையை மடக்கிவிட்டுப் பார்த்தார். சைக்கிளில் மீன் விற்கிற றஊப், பெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு போனான்.

உச்சிப் பொழுதுக்குள் திரும்பி வந்தான். பெட்டி அப்படியே இருந்தது.

இங்கே மீன் வாங்குகிற விதம் உனக்குத் தெரியும். பெண்கள் வாசலுக்கு வந்து, வயிற்றை அமத்திப் பார்த்து, சினைமுட்டை இருக்கிற மீனைத்தான் முதலில் எடுப்பார்கள். அசனா ராத்தா முதல் மீனை அமத்தினாராம். இல்லை. இரண்டாவது. இல்லை. பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் அமத்தினாராம்.

"பெரிய உடம்பு, வயித்துக்குள்ள ஒண்டுமில்லை. இதுகளுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமில்லை ராத்தா. எல்லாம் ஆம்பிளை மீன்."

"ஒண்டு ரெண்டு ஆம்பிளை எண்டாச் சரி. முழுப் பெட்டியுமா? பொம்பிளையள் எல்லாம் எங்க போனவள்?"

றஊப் அடுத்த தெருவுக்குச் சைக்கிளை மிதித்தானாம். தெருவுக்குத் தெரு அதே கதை. சினை இல்லாத குளத்தில் ஏதோ நோய் என்று பேச்சாகிவிட்டது. என் சொந்தத் தங்கச்சி லைலா, பிள்ளை பெற்று மூன்றாம் மாதம், ஒரு மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சினை இல்லாட்டி எனக்கு வேண்டாம் காக்கா" என்று வைத்துவிட்டாள்.

மச்சி, நீ பட்டம் எடுத்தவள். உன் பெரியவர் அதைவிடப் பெரிய பட்டம் எடுத்தவர். நான் இந்த ஊரில் பிறந்து சினைப் பொரியலுக்குத் தங்கச்சியோடு அடிபட்டு வளர்ந்தவன். பெண் மீனே இல்லாமல் செய்யப் பார்த்துப் பார்த்துப் பாடுபட்டோமே, எங்களில் ஒருவருக்காவது இது தோன்றியதா?

மீன் இன்னும் குளத்தில்தான் இருக்கிறது. நல்லவேளை, முழுவதையும் பிடிக்கவில்லை. ஸஹாப்தீன் வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் பதில் கேட்கிறார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார், கடவுச்சீட்டுப் படங்களோடு. கையில் ஒன்றும் இல்லாமல் மாமா வாசலில் நான் எப்படி நிற்பேன்?

அபூதாஹிர்


பொலன்னறுவை,
06.05.1981

மச்சான்,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. தந்தி அடிக்கப் போனேன். தபால் கந்தோரில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நான் சொல்லவேண்டியது தந்திக்குள் அடங்காது.

முதலில் மீன். உங்கள் குளத்தில் தோல்வி ஒன்றும் நடக்கவில்லை. ஆண் மீன் கேட்டோம், ஆண் மீன் வந்தது. ஊருக்கு என்ன பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. சோமசேகரம் ஐயாவிடம் சொன்னேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, "நான் ஒருநாளும் மீன் வாங்கினதில்லை பிள்ளை, வீட்டில கனகம்மாதான் வாங்கிறவ" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். அவர் எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

இப்போது மற்றது. போகவேண்டாம். குளம் இருந்தாலும் போகவேண்டாம், மூடினாலும் போகவேண்டாம். இதை நான் செப்டம்பரிலேயே எழுதியிருக்கவேண்டும். வெயில் என்று எழுதினேன். எனக்கு உங்கள்மீது விருப்பம். மீனைப் பற்றிக் கேட்டதெல்லாம் அதற்காகத்தான் என்று சொல்லமாட்டேன், மீன்மீதும் விருப்பம்தான். ஆனால் உங்கள்மீதுதான் கூடுதலாக.

திருகோணமலைக்கு மாற்றம் கேட்டு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐயா கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் உத்தியோகத்தை விடமாட்டேன். கலியாணம் ஆனாலும் குளம் குளமாகப் போவேன், சேற்றில் இறங்குவேன், பொழுதுபட்டபின் லோஞ்சில் வந்து இறங்குகிற நாளும் இருக்கும். பெண்சாதி உத்தியோகத்தர், புருசன் மீன்காரன் என்று ஊர் கதைக்கும். உங்களுக்கு அது ஏலும் என்றால் வாப்பாவிடம் போய்க் கேளுங்கள். ஏலாது என்றால் ஸஹாப்தீனிடம் போங்கள். நான் குறை சொல்லமாட்டேன். நிறைய அழுவேன், அவ்வளவுதான்.

ஸல்ஹா


மூதூர்,
06.05.1981

அன்புள்ள மச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. நடந்ததைக் கேள்.

திங்கள் காலை ஸஹாப்தீனின் கந்தோருக்குப் போனேன். படங்களை மேசையில் வைத்தேன். அவர் பத்திரத்தை எடுத்து என் பெயரை எழுதத் தொடங்கினார். எனக்கு மீனைப் பற்றிய கவலையே வரவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தது, நீ என் கடிதத்தை வாசித்துவிட்டு என்ன பதில் எழுதுவாய் என்று. அதிலிருந்து இன்னொரு யோசனை.

"ஜித்தாவுக்கு இஞ்சயிருந்து கடிதம் வர எவ்வளவு நாள் எடுக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு கிழமை. சில நேரம் மாசக் கணக்கில போகும். ஏன் தம்பி?"

பொலன்னறுவைக் கடிதம் ஒருநாள் பிந்தினாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. படங்களைத் திரும்ப எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். "நான் வரேல்லை. என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் இறங்கியபிறகுதான் பயம் வந்தது. விற்க ஏலாத மீன், போக ஏலாத வெளிநாடு. ஆனாலும் உடம்பு லேசாக இருந்தது. திரும்பிப் போக நினைக்கவில்லை. இந்த வரிசையைக் கவனித்துக்கொள். ஸஹாப்தீன் திங்கள், இனிச் சொல்லப்போவது செவ்வாய்.

செவ்வாய் ஒரு பை மீனோடு இராசதுரை வீட்டுக்குப் போனேன். மதுசாரம் தந்தவனுக்கு மீன்கூடக் கொடுக்கவில்லையே என்றுதான். அவனுடைய அக்கா புஷ்பவதி அங்கே வந்திருந்தார். துறைமுக வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். துறைமுகத்திலும் கோதுமை மா ஆலையிலும் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் அங்கேதான். என் மீனைத் தூக்கிப் பார்த்தார். அவரும் வயிற்றை அமத்தினார்.

"சினை இல்லை அக்கா," என்று நானே சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு. சினை எனக்கு நட்டம் தம்பி. வயித்தைக் கீறினா அரைவாசி சினை, மிச்சம் எலும்பு. துண்டு குறைஞ்சு போகும். அந்தச் சினையையும் எத்தனை கோப்பைக்குப் பங்கு வைக்கிறது? ஒருத்தனுக்கு வைச்சா மற்றவன் ஏன் எனக்கு இல்லை எண்டு சண்டைக்கு வாறான். இது முழுக்கத் தசை. உங்கட குளத்தில வேற மீன் இருக்கோ?"

"இருக்கு."

"அதுகளுக்கும் சினை இல்லையோ?"

"ஒண்டுக்கும் இல்லை அக்கா."

"அப்ப ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. எல்லாம் எனக்கு."

மச்சி, நான் அந்த மனிசியின் காலில் விழாத குறை. இன்று காலை முதல் பெட்டி லோஞ்சில் போய்விட்டது. றஊப்பே கொண்டுபோனான், மணி அடித்துக்கொண்டு. அடுத்த குளத்தை எங்கே வெட்டலாம் என்று உம்மா வரப்பில் நடந்து பார்க்கிறார். லைலாவுக்காக ஒரு சின்னக் குழி வெட்டி, அதில் பெண்களையும் விட்டுவிடப் போகிறேன். தின்னட்டும்.

அபூதாஹிர்


மூதூர்,
11.05.1981

ஸல்ஹா,

ஓம். சம்மதம்.

சேற்றில் இறங்கு, பொழுதுபட்டு வா, ஊர் கதைக்கட்டும். மீன்காரன் என்று சொன்னால் எனக்குப் பெருமை. நீ ஆறாம் திகதி எழுதியதும் நான் ஆறாம் திகதி எழுதியதும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. உன்னுடையதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் கலியாணத்துக்குப் பிறகு அதை வைத்தே என்னை ஆட்டிப்படைப்பாய்.

நேற்று மாமாவிடம் போனேன். உம்மாவைக் கூட்டிப் போகவில்லை, நானே கேட்டேன். சவூதிக்குப் போகவில்லை என்றேன். தெரியும் என்றார். ஸல்ஹாவைத் தாருங்கள் என்றேன். குனிந்து குடைக் கம்பியைத் தடவினார். அவள் உத்தியோகத்தை விடமாட்டாள், எனக்கு அது சம்மதம் என்றேன். அதற்குத்தான் தலையை நிமிர்த்தினார்.

"அவள் உத்தியோகம் பாப்பாள். நீ குளத்தில நிப்பாய். அப்ப சோறு கறி ஆக்கிறது ஆர்?"

"நான் ஆக்குவன் மாமா."

"நீ ஆக்கினதை ஆரும் திண்டிருக்கிறாங்களா?"

"இல்லை. இண்டைக்கு நீங்க தின்னலாம்."

உன் வீட்டுக் குசினிக்குள் போனேன். உன் உம்மா சிரிப்பை அடக்க ஏலாமல் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மீனை நானே வெட்டினேன், புளி கரைத்தேன், தேங்காய் பிழிந்தேன், கையையும் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டேன். மாமா சோற்றுக் கோப்பையை இழுத்துவைத்து ஒரு துண்டு தின்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டாம் துண்டை அவரே போட்டுக்கொண்டார். மூன்றாவதை எடுத்தபடி, "உப்புக் குறைவு. போகப் போகப் பழகிடும்" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, "என்ட மகளைப் படிக்கவைச்சது வீட்டில இருத்த இல்லை" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் என்னைப் பூனையா, கொக்கா என்று இன்னும் நூறுதரம் கேட்கலாம்.

நோன்புக்கு முன்பே ஒரு நாளாகப் பார்க்கச் சொல்லி மௌலவியிடம் ஆள் போய்விட்டது. நீ உன் பெரியவரிடம் லீவு கேள். தரவில்லை என்றால் பயப்படாதே. மாமா, மாமி, உம்மா, கைப்பிள்ளையோடு லைலா, இராசதுரை, சின்னராசா எல்லோருமாக லோஞ்ச் பிடித்து, பஸ் பிடித்து அங்கே வந்து, உன் மீன்தொட்டிகளுக்கு நடுவில் கலியாணத்தை முடித்துக்கொண்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வருவோம்.

உன்
அபூதாஹிர்